அகல டயரும் நான்கு எலுமிச்சம்பழமும்

எங்கள் கல்யாணத்தைவிட எங்கள் ஜீப்புக்கு இரண்டு வயது கூடுதல். பவர் ஸ்டியரிங் என்பதே அதற்குத் தெரியாது. வீடு விழுப்புரத்தில்; எனக்குத் திண்டிவனத்தில் அலுவலக வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. அதனால் வாரத்தில் ஆறு நாள் ஜீப் என் மனைவி கையில். கோலியனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக்கு ஆட்களை ஏற்றிப் போவதும், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளை விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அவள்தான். நாற்பத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்தவள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த காலத்தை ஜெயிலில் இருந்த கதை மாதிரிச் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எனக்கு. ஆனால் 'என் ஜீப்பு' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான்.

டயர் நான்கும் வழுக்கையாகி, ரிம்மும் துருப்பிடித்துவிட்டது. ஒரு ஞாயிறு திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்கு ஓட்டிப் போனேன். எங்கள் பழைய டயர் ஆறு அங்குல அகலம். அங்கே பத்தரை அங்குலத்தில் ஒன்று கறுப்பு ரிம்மோடு உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்.

"வண்டிய யாரு சார் ஓட்டுறது? பவர் ஸ்டியரிங் இல்ல, கை நோவும்" என்றார் கடைக்காரர்.

"நான்தாங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாட்டி முடித்ததும் வண்டி தொடை தட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நெடுஞ்சாலையில் நேராக ஓட்டி வந்ததில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோலியனூர் அம்மன் கோயிலில் பூஜை போட்டேன். பூசாரி மாலை சார்த்தி, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, "தெனம் ஓட்டுறவங்க ஏறுங்க" என்றார். நான் ஏறப்போனேன். அதற்குள் என் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பழம் நசுங்கியது. அதுவரை எல்லாம் சரி.

பூக்கடை முனையில் சந்துக்குள் திருப்ப வேண்டும். இரண்டு கையாலும் இழுத்தாள். ஸ்டியரிங் பாதிக்கு மேல் வரவில்லை. டயர் உள்ளே இரும்பில் கர்ரென்று உரசியது. பின்னால் எடுத்து மறுபடி இழுத்தாள். முகம் சிவந்துவிட்டது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர், "ஜல்தி எடும்மா!" என்று கத்தினார். "பொம்பளைக்கு எதுக்குய்யா இந்த வண்டி?" என்று ஒரு குரல் வேறு.

இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்தாள். சாவியை என் கையில் வைத்தாள். "இனிமே நீங்களே ஓட்டிக்குங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செவ்வாயும் புதனும் பஸ்ஸில்தான் நிலத்துக்குப் போனாள். ஜீப் வாசலில் மாலையோடு நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். "திண்டிவனம் வர்றியா, டயர மாத்திடலாம்" என்றேன்.

"நான் எதுக்கு?"

"ஓட்டுறவ நீதான?"

புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நான் அன்னிக்கே கேட்டனே சார்" என்றார் கடைக்காரர். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் முனகினாலும் டயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு கடை அவள் கைக்குப் போய்விட்டது. முன்பக்கம் இரண்டை மட்டும் மாட்டச் சொல்லி, நின்ற வண்டியிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தாள். முதல் ஜோடியை வேண்டாமென்று கழற்றச் சொன்னாள். எட்டரை அங்குலத்தில் வந்தது உரசாமல் திரும்பியது. டயரின் பள்ளத்தில் விரலை விட்டு, "களிமண்ணு அப்பிக்கினா தானா உதிருமா?" என்று கேட்டாள். கறுப்பு ரிம்மை நான் ஆசையாகப் பார்த்ததைக் கண்டு, "வெள்ளையே போடுங்க. சேறு தெரிஞ்சாத்தான் இவரு கழுவுவாரு" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எதிர்க்கடையில் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி, தானே குனிந்து டயருக்குக் கீழே வைத்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்பி, விழுப்புரம்வரை அவளே ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாவிக்குக் கை நீட்டினேன்.

"எங்க போவணும், சொல்லுங்க. நான் கொண்டுபோயி வுடுறேன்" என்றாள்.

நான் சுற்றிப் போய் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.