மெழுகுக்குள் வாப்பா

வாப்பாவை அடக்கம் செய்து மூன்று வருஷம் கழித்துத்தான், அவருடைய குடலில் ஒரு துண்டு இன்னும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று உம்மாவுக்குத் தெரிந்தது. வெட்டிய நகத்தையும் சீப்பில் சிக்கிய முடியையும்கூட மண்ணில் புதைக்கிறவர் உம்மா. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. போய் வாங்கி வா, வாப்பாவின் கபரில் சேர்க்க வேண்டும் என்று ஒரே பிடி.

பரிசோதனைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதைக் கொடுத்த டாக்டரம்மா, புதைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கச் சொன்னார். உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான், எது வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசமாம். செல் பெருகும்போது பிழை திருத்துகிற ஜீன்கள் அடங்கிப்போனால், பிழை மேல் பிழை சேர்ந்து குடலில் முளைத்த சின்ன மொட்டு புற்றாகி, கல்லீரல் வரை போய்விடும். வாப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே வந்ததால் பரம்பரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் வரலாம். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தால் தெரியும். ஆனால் மிச்சமிருக்கும் சதை முழுவதும் சோதனைக்கே போய்விடும். புதைக்க வெறும் மெழுகுதான்.

“வெட்டி எடுத்தப்ப எந்த ஜீன் பேசிக்கிட்டிருந்துச்சு, எது வாயடைச்சிருந்துச்சுங்கிறது இதுல அப்படியே நிக்கிதும்மா” என்றார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பட்டுக்கோட்டை பஸ்ஸில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூடையோடு ஏறிய ஒரு அம்மா, பக்கத்து சீட்டில் ஆள் இருக்கா என்று கேட்டார். இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. காலி சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி அவர் ஒரத்தநாடு வரை நின்றுகொண்டே வந்தார். எனக்கோ அந்தப் பக்கம் திரும்பவே பயம்.

வீட்டில் உம்மா அந்த மெழுகுத் துண்டை உள்ளங்கையில் வாங்கி ஸலாம் சொன்னார். பீரோவில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நானும் அந்த அறையில் குரலைத் தாழ்த்தியே பேசினேன். நல்ல பைத்தியக்காரக் குடும்பம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னதை உம்மாவிடம் மறைக்க முடியவில்லை. காரணம் துபாயில் இருக்கும் தம்பி. சில மாதமாக அவனுக்கு ரத்தம் போகிறது. மூலம்தான், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். வாப்பா பேச்சைத் தவிர யார் பேச்சையும் அவன் கேட்டதில்லை.

உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பீரோக் கதவைத் திறந்தார்.

“முழுசையும் எடுத்துக்கச் சொல்லு. உங்க வாப்பா எதையும் பாதியாக் குடுத்தவங்க இல்ல.”

சென்னையிலிருந்து பதில் வந்தது. பிழை திருத்தும் ஜீன் ஒன்று வாப்பாவின் கட்டியில் அடங்கிக் கிடந்திருக்கிறது, அநேகமாகப் பரம்பரைதான், பிள்ளைகள் உடனே குடலைப் பார்த்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. தம்பிக்குப் போன் போட்டு ஜீன், பரம்பரை என்று நான் தொடங்குவதற்குள் உம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வாப்பா உன்ன வரச் சொல்றாங்க” என்றார்.

நானும் போனில் காதை ஒட்டிக்கொண்டேன். தம்பி, சின்னப் பிள்ளைக் குரலில், எப்ப வரணுமாம் என்று கேட்டான்.