கடைக்கு வந்தால் மட்டும் சுடும்

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் என்று சூடாகிற சாமான்களை ரிப்பேர் பார்ப்பது நன்றி கெட்ட தொழில்: சுட்டால் சாமான் நல்ல சாமான், சுடாவிட்டால் ரிப்பேர்காரன் மோசம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு கடை போட்டு நானும் இந்தப் பாடு பட்டுக்கொண்டிருக்கிறேன். மீட்டரைக் கையில் பிடித்த சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

ஓம்

கரண்ட் போகும் வழியில் கம்பி எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் அளவுக்குப் பெயர் ஓம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் தெரிந்திருக்காது.

மகள் வீட்டுக்கு வந்த ஆயக்குடிப் பெரியவர் ஒருவர், தண்ணீர் காய வைக்கும் ராடைக் கொண்டுவந்தார். நெற்றி நிறைய விபூதி. ராடின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். உள்ளே கம்பி அறுந்திருந்ததால் ஒன்றும் காட்டவில்லை. “ஓம் வரலையே” என்று வழக்கம்போல முணுமுணுத்தேன். பெரியவர் முகம் வாடிவிட்டது.

“ஏனுங்க, காலையில சாமி கும்பிட்டுப்போட்டுத்தானுங்க கெளம்புனேன். இதுக்குன்னு தனியா ஓம் சொல்லோணுமுங்களா?”

முட்டைப் பெட்டி

சாணார்பட்டிப் பக்கமிருந்து ஜெசிந்தா வந்தார். நூல் மில் வேலையை விட்டுவிட்டு, நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வைக்கும் கரண்ட் பெட்டி ஒன்றை வாங்கி, அதை நம்பி இறங்கியவர். முதல் தடவை வைத்ததில் ஒரு குஞ்சுகூட வரவில்லை. அத்தனையும் கூமுட்டை. பெட்டியில் சூடு ஏறவில்லை என்று, உள்ளே இருந்த ஹீட்டரை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தார்.

என் கடை பிளக்கில் போட்டேன். வோல்ட் இருநூற்று முப்பது, கரண்ட் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டையும் பெருக்கினால் நூறு வாட். வோல்ட்டைக் கரண்ட்டால் வகுத்தால் ஐந்நூற்று முப்பது ஓம். ஹீட்டரில் எழுதியிருப்பதும் அதே நூறு வாட்தான். தொட்டுப் பார்த்த ஜெசிந்தா விரலை உதறினார். “நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, தைரியமா முட்டைய வைங்க” என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“இந்தத் தடவையும் பொரிக்கலைன்னா மறுபடி மில்லு வேன்ல ஏற வேண்டியதுதாண்ணே. எங்க வீட்டுக்காரரு இப்பவே என்னயத்தான் கூமுட்டைங்கிறாரு.”

ஒரு பிளக், மூன்று பேர்

பேகம்பூரில் டீக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கருகிப்போன பிளக்கைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு, வடை மாவு ஆட்டும் கிரைண்டர் மூன்றும் அந்த ஒரே பிளக்கில் ஓடியிருக்கின்றன. மூன்றின் வாட்டையும் கூட்டி வோல்ட்டால் வகுத்துக் காட்டினேன். பதினேழு ஆம்பியர் வந்தது. அந்தப் பிளக் தாங்குவது ஆறு. எனக்கே அதன் மேல் இரக்கம் வந்தது. பாய் கருகிய பிளக்கைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கட்டுமேன்னுதான் தம்பி போட்டேன். இப்பிடிக் கோவிச்சுக்கும்னு தெரியாது.”

மறுபடியும் சுட்டது

புது முட்டைகளை வைத்த மறுநாளே ஜெசிந்தா அதே ஹீட்டரோடு வந்து நின்றார். பெட்டியில் சூடு ஏறவே இல்லையாம். முட்டைகளைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் சுடுதண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்.

பிளக்கில் போட்டேன். பாழாய்ப்போன ஹீட்டர் மறுபடியும் ஜம்மென்று சுட்டது. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே நூறு வாட். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போன குழந்தையாட்டம், நம் கடைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் சாமான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் வாய் குறையவில்லை.

“அப்ப ஒண்ணு செய்யுங்கண்ணே, முட்டையெல்லாம் இங்கன கொண்டாந்துர்றேன், உங்க கடையிலயே பொரிக்கட்டும்.”

காட்டிக்கொடுக்காத பல்பு

அந்தப் பேச்சு சுருக்கென்றது. கடையைச் சாத்திவிட்டு, அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குக் கடைசி வீடு. கரண்ட் கம்பிக்கும் அதுதான் கடைசி. சுற்றிலும் தோட்டத்து மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. மீட்டரைச் சொருகினால் நூற்று அறுபத்தைந்து வோல்ட்! ஹீட்டரின் ஓம் மாறவில்லை. ஆனால் வோல்ட் குறைந்ததும் கரண்ட்டும் கூடவே குறைந்துவிட்டது. இரண்டையும் பெருக்கினால் ஐம்பது வாட்தான் தேறியது. பாதிச் சூட்டில் எந்த முட்டை பொரிக்கும்? பழைய குண்டு பல்பாக இருந்தால் மஞ்சளாக எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். வீடு முழுக்க எல்.இ.டி. அது பாட்டுக்குப் பளீரென்று எரிந்தது.

பையிலிருந்த அதே மாதிரி இன்னொரு ஹீட்டரைப் பக்கத்தில் இணைத்தேன். இரண்டும் சேர்ந்து நூறு வாட். ராத்திரி மோட்டார்கள் நின்று வோல்ட் ஏறினாலும் பயமில்லை, சூடு மிஞ்சினால் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் பெட்டியிலேயே இருந்தது. டிகிரி ஏறியது. ஜெசிந்தா முட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். ஆறிப்போன முட்டை பிழைக்குமா என்று காட்ட மீட்டர் கிடையாது. இத்தனையையும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் கேட்டார்:

“வோல்ட்டு கம்மியா இருந்தா பில்லும் கம்மியாத்தானண்ணே வரும்? அத ஏன் கெடுக்குறீங்க?”

போன்

அடுத்த மூன்று வாரமும் போன் அடித்தாலே முட்டைச் சேதியோ என்றுதான் எடுத்தேன். ஒரு நாள் காலையில் ஜெசிந்தாவின் நம்பர். எடுத்தால் பேச்சு இல்லை. கீச் கீச்சென்று ஒரே இரைச்சல். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்புட்டுச் சந்தோசம். செத்த நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

“கேக்குதாண்ணே? எங்க வீட்டுக்காரரப் பெட்டி முன்னாடி உக்கார வச்சிருக்கேன். இப்பச் சொல்லுங்க, யாரு கூமுட்டைன்னு கேட்டேன். மனுசன் வாயத் தொறக்கல.”

நானும்தான் திறக்கவில்லை: பெருக்கலும் வகுத்தலும் எந்த ஊரிலும் சரியாகத்தான் வரும், கடை வோல்ட்டை வைத்துச் சாணார்பட்டி முட்டைக்குக் கணக்குப் போட்டவனைத்தான் கூமுட்டை என்பது.