தறி ஓடினால் சுவர் எவ்வளவு நகரும்? சோமனூரிலிருந்து காந்திபுரம் போய்க் கருவி கொண்டுவந்து அளந்து பார்த்தது

தறி வெச்சுப் பொழைக்கிறவங்க, பக்கத்து வீட்டோட செவுத்துச் சண்டையில மாட்டியிருந்தா இதைப் படிங்க. தொண்ணூறுகளோட கடைசி, தை மாசம். எங்க ஊட்டுக்காரர் தவறிப் போயி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. சோமனூர்ல அவர் விட்டுட்டுப் போன எட்டு விசைத்தறியை ஆளு வெச்சு ராப்பகலா நான் ஓட்டிட்டிருந்தேன். எங்க ஊட்டுக்காரரை மாப்பிள்ளைன்னு கூப்பிடுற பக்கத்து ஊட்டு ராமசாமியண்ணன் செவுத்துல விரிசல். "உன்ற தறிதான் அம்மணி செவுத்தைத் தள்ளுது. தறிக் குடோனை மூடிப்போடு"ன்னு நின்னார். மூடினா எனக்கு வேற பொழைப்பு இல்லை.

ஆட்டத்தை அளக்கிற கருவி கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்குதுன்னு சொன்னாங்க. காலையில ஏழு மணி பஸ். காந்திபுரம் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ் மாறணும். போர்டைப் பார்த்து ஏறாதீங்க, கண்டக்டரைக் கேளுங்க. நான் கேக்காம தப்பான பஸ்ல உக்கடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன்.

அந்தக் காலேஜ் வாத்தியாரம்மா ஒருத்தங்க கருவியை எடுத்துட்டு மதியமே என்கூடக் கிளம்பிட்டாங்க. பஸ்ல வரும்போதே சொன்னாங்க: "இது எவ்வளவு தூரம் நகர்ந்துச்சுன்னு காட்டாதுங்க. எவ்வளவு பலமா உலுக்குதுன்னுதான் காட்டும். அதை ஒரு தடவை கூட்டினா வேகம் வரும். அந்த வேகத்தை இன்னொருக்கா கூட்டினாத்தான் தூரம்."

கருவி தீப்பெட்டி அளவுதான். மெழுகு வெச்சு அண்ணன் செவுத்துல ஒட்டினாங்க. எட்டுத் தறியும் ஓடுது. அவங்க கொண்டுவந்த மடி கம்ப்யூட்டர்ல கணக்கு வந்துச்சு: ரெண்டடி.

"பாத்தியா அம்மணி! ரெண்டடி!"ன்னு அண்ணன் குதிச்சார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டடி நவுந்திருந்தா செவுரு இந்நேரம் உங்க கட்டில் மேலல்லீங்க இருக்கோணும்?"

வாத்தியாரம்மா சிரிச்சுட்டாங்க. "சும்மா இருக்கும்போதே கருவி ஒரு துளி காட்டுங்க. அந்தத் துளியையும் சேர்த்துக் கூட்டிக் கூட்டி ரெண்டடியாயிருச்சு. எல்லாத் தறியையும் நிறுத்துங்க. அந்தத் துளி எவ்வளவுன்னு பார்த்துக் கழிக்கோணும்."

எனக்குக் கை வரலை. எட்டையும் ஒண்ணா நிறுத்தினது அவரைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குத்தான். அப்புறம் நான் அப்படி நிறுத்தவே இல்லை. கரண்ட் போனாக்கூட ரோட்டுக்கு வந்துருவேன், அந்த அமைதிக்குள்ள நிக்க முடியாது. ஆனா நிறுத்தலைன்னா ரெண்டடிதான் நிக்கும். மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.

ஊரே நின்ன மாதிரி இருந்துச்சு. அண்ணன் மட்டும் மெதுவா, "மாப்பிள்ளை இருந்திருந்தா என்னைய இந்நேரம் நாலு வார்த்தை திட்டியிருப்பாப்ல"ன்னார். நான் அங்கேயே நின்னு அழுதேன். வெளியே போகலை.

அந்தத் துளியைக் கழிச்சுப் போட்டுத் திரும்பக் கூட்டினா, செவுரு ஆடுறது ஒரு தலைமுடி கனம்கூட இல்லை. இருந்த இடத்துக்கே திரும்பவும் வந்துருது. அண்ணன் ரெண்டு தடவை கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "அப்ப விரிசலுக்கு அஸ்திவாரத்தைத்தான் பாக்கோணும். நீ ஓட்டு அம்மணி"ன்னு போயிட்டார்.

நீங்க அளக்கிறதா இருந்தா, ஆட்டம் குறையத் தறிக்கு அடியில ரப்பர் போட்டுட்டு அளங்க. பக்கத்து ஊட்டுக்காரரையும் கூடவே நிறுத்தி வெச்சுக்கங்க. முதல்ல எல்லாத்தையும் நிறுத்திப் போட்டு ஒரு அளவு எடுங்க. அந்த நேரம் கஷ்டமாத்தான் இருக்கும். நின்னுருங்க, ஒண்ணும் ஆகாது.