அப்பாவின் முதல் வாய்

எங்கள் வீட்டில் கறி சமைத்தால் முதல் வாய் அப்பாவுக்குத்தான். அவர் சாப்பிடுவார், அம்மா, அக்கா, நான் மூவரும் காலித் தட்டோடு பார்த்துக்கொண்டிருப்போம். சாப்பிட்டதும் எழுந்து தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பசியோடு வந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும்? "ராஜா நகர்வலம் போயிருக்காரு" என்று முணுமுணுப்பேன். ஆம்பிளைத் திமிர், வேறென்ன என்பதுதான் அந்த வயதில் என் தீர்ப்பு. இட்லிக்கும் கூழுக்கும் இந்தத் திமிர் ஏன் வருவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு பேஜாரும் உண்டு. கறி சாப்பிட்ட மறுநாள் விடியுமுன்பே எங்களை எழுப்புவார். "இன்னாப்பா?" என்று எரிந்து விழுந்தால், "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று போய்விடுவார். தூங்குகிறவளை எழுப்பித் தூங்கச் சொல்கிற மனுஷனை என்னவென்று சொல்வது!

எழுபதுகளின் கடைசியில் அக்காவுக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, புடவையை மாற்றி மாற்றிக் கட்டியதிலேயே தெரிந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று எங்களுக்கெல்லாம் பயம்.

நிச்சயம் பேச அவர்கள் ஆம்பூருக்கு வந்த அன்று, பக்கத்துத் தெரு பாயை அழைத்து பிரியாணி போட்டோம். வந்தவர்கள் முன்னால் அப்பா தன் வழக்கத்தைக் காட்டிவிடக் கூடாதே என்று அம்மா ஒரு தந்திரம் செய்தாள். விருந்தாளிகளை அழைத்துவர அவரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டாள். எல்லாரும் வந்து உட்கார்ந்து, ஜெபம் முடிந்து, அப்பா கண்ணைத் திறந்தபோது எல்லார் தட்டிலும் பிரியாணி இருந்தது.

மாப்பிள்ளை எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அப்பா பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இருப்பா, இரு" என்றவர், அந்தத் தட்டிலிருந்தே ஒரு கறித்துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். மாப்பிள்ளை தட்டில் கைவைத்துத் தின்கிற மாமனாரை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

மாப்பிள்ளையின் தாய்மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இன்னாங்க இது அசிங்கம்? சோத்துக்கே வழியில்லாத வீடா?"

மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்துவிட்டார். சமையலறை வாசலில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"சொல்லிடறேங்க," என்றார். எங்களுக்கே சொல்லாததை நின்றபடி சொன்னார்.

"அரிசி கெடைக்காத காலம். நான் சின்னப் பையன், தோல் பதம்போடற டேனரில வேல. தோலோட உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையச் சொரண்டிப் போடுவாங்க. பச்சத் தோல்ல சொரண்டினத எல்லாரும்தான் எடுத்துனு போய் வேக வெச்சித் தின்னாங்க. நான் எடுத்துனு போனது காஞ்ச தோல்ல இருந்தது. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு அதுல மருந்து தடவியிருப்பாங்க. எனக்குத் தெரியலங்க. தங்கச்சிங்க ரெண்டும் பசின்னு அழுதுச்சிங்க. நான் பெரியவன், அப்புறம் தின்னுக்கலாம்னு அதுங்களுக்கு முதல்ல ஊட்டிவிட்டேன். எனக்கு மிச்சம் இல்ல."

அப்பாவுக்குத் தங்கைகள் இருந்தார்கள் என்பதே அன்றுதான் தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அவள் முகமே சொன்னது, அவளுக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மாதான் மெல்லக் கேட்டார். "உடனேவா?"

"இல்லம்மா. வாந்தி, பேதி. பக்கத்துலயேதான் இருந்தேன். அசந்து தூங்கிட்டேன். விடியக்காலைல எழுப்பினா ரெண்டும் எழுந்திருக்கல."

அப்படியானால், கறியில் விஷமில்லை என்று தன் மேலேயே சோதித்துப் பார்த்த அந்தத் தெருச்சுற்று யாரையும் காப்பாற்றாது. அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதனால்தான் விடியுமுன் எழுப்பியிருக்கிறார்! இன்று என் பிள்ளைகளை நானும் எழுப்புகிறேன். அவர்களும் என் மேல் எரிந்து விழுகிறார்கள்.

வந்தவர்கள் பேருக்குக் கொறித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் உண்டா? அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் அப்பா எழுப்பினார். நாங்கள் எரிந்து விழவில்லை. "முழிச்சினுதான் இருக்கேன்பா" என்றாள் அக்கா. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "பேரணாம்பட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றார். காலில் விழுந்து கெஞ்சப் போகிறார் என்று பயந்து நானும் கூடவே ஓடி முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. அப்பா கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிட்டுவிட்டு, "எல்லாரும் எழுந்தாச்சாம்மா?" என்றார்.

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, ஒவ்வொருவராக வாசலுக்குக் கூப்பிட்டார். தாய்மாமா வந்தார். கடைசியில் மாப்பிள்ளை, கலைந்த தலையோடு. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பத் திரும்பினார்.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மாள். தட்டில் இட்லி கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். அவர் கை வைப்பதற்குள், அதே தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"இப்போ சாப்பிடுங்க, சம்மந்தி."