தட்டில் நான் ஊற்றிய தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், சாரல் விழுகிற ஓர் ஆடி மாதம். அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, கொதிக்க வைப்பது, துடைத்து அடுக்குவது என் வேலை. என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன், இதைப் படிக்கும் மாணவப் பிள்ளைகளே.

அங்கே ஆராய்ச்சி செய்த மாணவி ஒருவர் தினமும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் வருவார். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைச் சப்பட்டையான குப்பிகளில் வளர்த்துக்கொண்டிருந்தார். செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். நம் உடம்பே அதனால் ஆனதுதான். குப்பிக்குள் இருக்கும் இளஞ்சிவப்புத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. நம் உடம்புச் சூடு எவ்வளவோ அதே சூட்டில், ஒரு பெட்டிக்குள் குப்பிகளை வைக்க வேண்டும். உள்ளே காற்று காய்ந்துவிடாமல் இருக்க, பெட்டியின் அடியில் ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும். அதை மாற்றுவது என் பொறுப்பு.

காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று முதல் நாளே அந்தப் பெண் சொன்னார். நம்ம ஆத்துத் தண்ணியக் குடிச்சுத்தானே நாம எல்லாரும் வளர்ந்தோம், இதுக என்ன மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சீக்காளிப் பிள்ளைய மாதிரி நெனைச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

தண்ணீரை வடிக்கிற கருவி சொட்டுச் சொட்டாகத்தான் இறக்கும். ஒருநாள் கரண்ட் இல்லை, தட்டோ காய்ந்து கிடந்தது. குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிட்டேன். குழாயில் வருவதும் தாமிரபரணிதானே. அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அடுத்த தடவையும் அதையே ஊற்றினேன்.

ஒரு வாரத்தில் எல்லாக் குப்பியிலும் பஞ்சு பஞ்சாகப் பூசணம். தட்டை இழுத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் கறுப்பாக வழுவழுவென்று இருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. யாரும் பார்க்குமுன் தட்டைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வேலை நிரந்தரமாகாத நேரம். அதைவிடவும், அத்தனை பெருமையாகப் பேசியவன் எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் அந்தப் பெண்ணைத்தான் பிடித்தார். "சோறு பிசைஞ்ச கையோட உள்ள போனா பூசணம்தான் பூக்கும்" என்றார், எல்லார் முன்னாலும். மறுநாளிலிருந்து அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிட்டார். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தச் செல்களைத் தருகிற நிலையம் இருக்கும் புனே வரை போய், செல்கள் உள்ள புதுக் குப்பிகளை மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டுவந்தார். அவற்றிலும் பூசணம் வந்தது. நான் கழுவியது தட்டை மட்டும்தான். பூசணம் பெட்டியின் சுவரிலெல்லாம் ஒட்டியிருந்திருக்கிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் பெட்டி முழுவதையும் மருந்து போட்டுத் துடைத்திருப்பார்கள்.

மறுபடி பூசணம் வந்த அன்று சாயங்காலம் அந்தப் பெண் தன் நோட்டுகளையெல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போடப் போகுதேன் அண்ணாச்சி. எனக்கு இதுக்குக் கை சரியில்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் கையில கோளாறு இல்லையா அண்ணாச்சி?"

இல்லம்மா என்றேன். நெசமாவா என்று இன்னொரு தடவை கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேராசிரியரிடமும் போய்ச் சொன்னேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். வேலையைவிட்டு மட்டும் அனுப்பவில்லை. பெட்டியைக் கழற்றி மூன்று நாள் சுத்தம் செய்தோம். அடுத்து வந்த செல்கள் வளர்ந்தன, அந்தப் பெண்ணும் ஆராய்ச்சியை முடித்தார்.

தெரியாமல் செய்த தப்பை நான் எப்போதோ மறந்திருப்பேன். ஆனால் தெரிந்த பிறகும் நான் பேசாமல் இருந்த அத்தனை நாளும் ஒரு பெண் தன்னையே நம்பாமல் வாழ்ந்தார் என்று நினைக்கும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தலை தாழ்ந்துதான் போகிறது.