ஆகுவுக்கும் ஆங்குக்கும் நடுவில் ஒரு ஜீப்

எங்கள் வீட்டில் ‘ஆங்’ என்று சொல்லக் கூடாது. ‘சரி’ என்று சொல்லலாம். ரேடியோவில் பேசுகிறவர் மாதிரி ‘ஆமாம்’ என்றும் சொல்லலாம். திருத்தணியில் ‘ஆங்’ இல்லாமல் ஒரு டீ கூட வாங்க முடியாது. ஆனாலும் என் மனைவி போட்ட சட்டம் அது. மறந்துபோய் வாயில் வந்துவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். ஜீப்பால் வந்த சண்டை என்று வந்து போகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஜீப்பால் வந்ததுதான். சண்டை இல்லை.

அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில். எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் மலை தெரியும், ஊர் தெரியாது. கல்யாணமாகி என்னோடு வந்தபோது மலைமேல் போகும் வண்டிப்பாதையில் கூண்டு வண்டியில்தான் வந்தாள். வழியனுப்பும்போது அவளுடைய நைனா, அதாவது என் மாமனார், வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி ஒரு வாக்குக் கொடுத்தார். “ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் வண்டி கட்டிகினு வந்துடுவேன். சாமியப் பாத்துட்டு உன் கையால துன்னுட்டுதான் திரும்புவேன்.”

அந்த வருஷத்து ஐப்பசி மழை வண்டிப்பாதையை வழித்தெடுத்துக்கொண்டு போனது. பஸ்ஸில் வரலாமே என்பீர்கள். நைனா ஒரே ஒரு தடவை பஸ் ஏறினார். நகரி வருவதற்குள் முன் சீட்டுக்காரர் மேல் வாந்தியெடுத்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பாதியில் இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். மகளுக்கும் அதே வயிறு. பஸ் வாசனை பட்டாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறவள். எப்போதாவது என் தோளில் துவண்டு துவண்டு போய் வருவாள். நைனாவால் அதுவும் முடியாது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெரு நிறையப் பூக்காவடி போகும். ஊரே காவடியைப் பார்க்கும், இவள் தலைப்பாகைகளைப் பார்ப்பாள். வருகிற கிழவர்களில் ஒருவராவது நைனாவாக இருந்துவிட மாட்டாரா என்று. மற்ற நாட்களில் சாயங்காலமானால் பின்வாசல்.

“மலை நகந்துச்சா?” என்று நான் கேலி செய்வேன்.

“நாளைக்கு நகருதாம் பாவா. சொல்லி அனுப்பிச்சிருக்குது” என்பாள். எங்கள் பக்கத்தில் தெலுங்கு வீட்டுப் பெண்கள் புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவளை அடிக்கடி கேலி செய்ததுண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில், பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஒரு ஜீப்பை வாங்கினேன். நான் நூல் வியாபாரி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் கட்டு கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். ஜீப் வாசலில் வந்து நின்றதும் இவள் அதைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைத் தொட்டாள்.

“நாலு சக்கரமும் இழுக்குமாமே. மலை ஏறுமா?”

“ஆங்” என்றேன். எனக்கு ஜீப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பச்சை நிறம் என்பதுதான்.

கனகம்மாசத்திரத்தில் ஒரு லாரி மெக்கானிக் இருந்தான். வாய்க்கு ஸ்பேனர் போட்டுத்தான் மூட வேண்டும். “மலை இன்னா சார் மலை? இத்த நான் சுவத்துலயே ஏத்திக் காட்டறேன்” என்றபடி வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு தலை மட்டும் வெளியே வந்தது.

“சார், முன்னால ஒண்ணுமே இல்லியே சார்.”

“என்னய்யா இல்ல?”

“முன் சக்கரத்துக்குப் போற ராடே இல்ல. எவனோ உருவிட்டான். இப்பத்திக்கு இது மாட்டுவண்டிதான். மாடு வேற இல்ல.”

அந்தத் தண்டு சென்னை புதுப்பேட்டையில் பழைய இரும்புக்கு நடுவே கிடைத்தது. மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரே இருந்த அம்மாள், “பீரங்கியாங்க?” என்று கேட்டுவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கனகம்மாசத்திரத்தில் போயின. பாறை தட்டக் கூடாதென்று லாரிப் பட்டைகளை வெட்டி ஸ்பிரிங்கில் சேர்த்து வண்டியை ஒரு முழம் உயர்த்தினோம். உயர்ந்தது. ஆனால் சின்னக் கல்லில் ஏறினாலும் பின்னால் இருக்கிற நூல் கட்டு முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு பட்டையைக் கழற்றினோம். பல் வைத்த பெரிய டயர் போட்டோம். திருப்பினால் மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினோம். இஞ்சினுக்கு அடியில் கனத்த இரும்புத் தகடு. தண்ணீரில் இறங்கினால் மூச்சு முட்டாமலிருக்கப் புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டினோம். முன்னால் கொக்கியும் கம்பிக்கயிறும். ஹாரன் லாரியினுடையது. அது மட்டும் நான் கேட்காமலே மாட்டினான். “வண்டி போவலன்னாலும் சத்தமாவது போவணும் சார்.”

பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கியர்கள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்றைத் தள்ளினால் வண்டி ஆமையாகிவிடும், ஆனால் யானை பலம் வரும். எதைத் தள்ளினால் எது என்பது எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. நந்தியாற்று மணலில் பழகப் போய், இரண்டுக்கும் நடுவில் மாட்டி, “முருகா, முருகா” என்று கத்தியதில் ஆடு மேய்த்தவர்கள் யாரோ மூழ்குகிறார்கள் என்று ஓடிவந்தார்கள். ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்கு முன்னால் மலை தாண்டிப்போய் நைனாவை அழைத்து வந்துவிடுவதென்று முடிவு. மெக்கானிக்கையும் கூப்பிட்டேன். சுவரிலேயே ஏற்றுகிறவன், “கடைய யார் சார் பாத்துக்கறது?” என்றான். போகிற போக்கில், “மேல சிறுத்தை கீதாம், ஹாரனு அட்ச்சிகினே போங்க” என்று தைரியமும் சொன்னான்.

விடிந்ததும் நானும் அவளும் கிளம்பினோம். பாதை இருந்த இடத்தில் ஓடைதான் இருந்தது. சீத்தாப் புதர் இரண்டு பக்கமும் அறைய, கல்லுக்குக் கல் தாவி, ஜீப் முக்கிக்கொண்டு ஏறியது. சும்மா சொல்லக் கூடாது, ஏறியது. நான்தான் ஏறவில்லை, என் உயிர் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆள் இடுப்புயரத்துக்கு ஒரு பாறைப்படி. அதன் ஓரத்தில் கல் அடுக்கி ஒரு சாய்வு செய்தோம். சக்கரத்தை வைத்ததும் வண்டியின் மூக்கு மேலே போய், எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. அவள் இறங்கிப் பாறைமேல் ஏறி என்னைப் பார்த்து நின்றாள். “நான் சொல்லச் சொல்ல வா பாவா” என்றாள். வரலாம் என்றால் ‘ஆங்’ என்று ஏற்பாடு. நிற்க வேண்டுமென்றால் என்ன சொல்வது என்று பேசிக்கொள்ளவில்லை. ‘நில்லு’ என்றுதானே சொல்வாள்?

மனுஷனுக்குப் பயம் வந்தால் அம்மா வீட்டுப் பேச்சுதான் வரும். தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். இடது சக்கரம் அடுக்கிய கல்லை உருட்டிவிட்டு அந்தரத்தில் சுற்றுவதைப் பார்த்து அவள், “ஆகு! ஆகு!” என்று அலறியிருக்கிறாள். இஞ்சின் போட்ட கூச்சலில் என் காதுக்கு வந்தது, “ஆங்! ஆங்!” இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஜீப் பாறைமேல் நின்றிருந்தது. என் இடது கால் மட்டும் தனியாகத் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தது.

“ஆகு ஆகுன்னு கத்திகினு கீறேன், காது செவுடா?”

“நீ ஆங் ஆங்னுதானே சொன்ன?”

“அந்தாண்ட அவ்ளோ பெரிய பள்ளம் பாவா! நின்னிருந்தா…” என்று ஆரம்பித்தவள், அப்புறம்தான் யோசித்தாள். நின்றிருந்தால் சரிந்திருக்கும். பாறையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

உச்சியில் ஒரு பக்கம் திருத்தணிக் கோவில், மறுபக்கம் புளியமரங்களுக்கு நடுவே அவள் ஊர். ஆனால் அந்தப் பக்கப் பாதையை மழை வெட்டி மடுவாக்கியிருந்தது. ஜீப்பென்ன, ஆடு இறங்குவதே கஷ்டம்.

“நீ இங்கியே இரு. நான் போயி நைனாவப் பாத்துக் கேக்கறேன்” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவருடைய முட்டிகள் அந்தச் சரிவை ஏறாது என்று இருவருக்கும் தெரியும். சிவப்புப் புடவை சின்னதாகிச் சின்னதாகிப் புளியமரத்துக்குள் போனது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பின்வாசல் என்றால் என்னவென்று புரிந்தது. அந்தப் புளியமரங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாய ஆரம்பித்ததும் பயம் வந்தது. திரும்பி வருவாளா? வந்த வேலை முடிந்துவிட்டது, இனி இந்த நூல் வியாபாரி எதற்கு என்று அங்கேயே இருந்துவிட்டால்? இந்த யோசனையில் இருந்தபோது பின்னால் புதரில் சரசரவென்று சத்தம். சிறுத்தை! பானட்டின் மேல் ஏறினேன். ஹாரன் உள்ளே இருக்கிறது என்று நினைவு வந்து மறுபடி உள்ளே குதித்தேன். அழுத்தினேன். அழுத்திய ஹாரன் அப்படியே சிக்கிக்கொண்டது. மலை முழுக்க லாரி ஊளையிட, புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது ஒரு மயில். முருகனுடைய வண்டியை என் வண்டி பயமுறுத்தியது. அது என்னை அலட்சியமாகப் பார்த்துவிட்டு நடந்து போனது. பேட்டரி சாகும்வரை ஹாரன் நிற்கவில்லை.

கீழே ஊரில் என்ன நினைத்தார்கள் என்றால், ஜீப் கவிழ்ந்து மருமகன் அடியில் மாட்டிக்கொண்டான் என்று. முதலில் ஓடிவந்தது அவள்தான். கூந்தல் அவிழ்ந்து, காலில் ரத்தக் கீறலோடு. நான் முழுசாக நிற்பதைப் பார்த்தாள். என் தோளில் ஓங்கி அடித்தாள். அந்த இடத்தை இப்போதும் தொட்டுக் காட்டுவேன்.

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்து வந்தார்கள். என்னைத் தூக்கிப்போகக் கொண்டுவந்த கட்டில். வெறுங்கட்டிலாக வர விடாமல், நானும் வருவேன் என்று அடம் பிடித்து அதில் உட்கார்ந்து வந்திருந்தார் நைனா. இரண்டு கண்ணிலும் புரை. கையால் என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

“பதிகே உன்னாடே!” என்றார். உயிரோடுதான் இருக்கிறான்! கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. கூட வந்த ஓர் அம்மாள் வழியெல்லாம் ஒப்பாரிக்குக் குரலைச் சரிசெய்துகொண்டே வந்தாளாம். “இவ்ளோ தூரம் ஏறிட்டேன், ரெண்டு அடியாவது பாடிட்டுப் போறேன்” என்றாள்.

ஊரே சேர்ந்து தள்ளி, சரிவில் உருட்டி ஜீப்பைக் கிளப்பினார்கள். பாறைப்படியில் அவர்களே கல் அடுக்கி இறக்கிவிட்டார்கள். நைனா முன் சீட்டில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வாந்தி வரவில்லை. வழியில் திடீரென்று, “பின்னால வெல்லம் துன்றது யாரு?” என்றார். அந்த இஞ்சின் இரைச்சலில்! திரும்பிப் பார்த்தால், அவர் கொண்டுவந்த வெல்லக்கட்டியில் ஒரு மூலையைக் கடித்தபடி இவள், கல்யாணமாகாத பெண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள்.

கிருத்திகையன்று நானும் இன்னொருவருமாகத் தாங்கிப் படியேற்றினோம். சாமி தெரிந்ததா என்று கேட்டதற்கு, “மணி கேட்டுது, போதும்” என்றார். மகள் கையால் சாப்பிட்டார். நாலைந்து நாள் இருந்தார். சாயங்காலங்களில் இவள் பின்வாசலுக்குப் போகவே இல்லை.

அடுத்த ஆடிக்கு ஜீப் தயாராக இருந்தது. நைனா இல்லை. இப்போது அந்தப் பக்கம் போகத் தார் ரோடு வந்துவிட்டது. போக அங்கே யாரும் இல்லை. மலையைப் பார்க்க இவள் பின்வாசலுக்கு வருவதுமில்லை. வந்தால் கேலி செய்யலாமே என்று நான்தான் சில சாயங்காலங்களில் அங்கே நிற்கிறேன். மலை நகரவில்லை.

நைனாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட அன்றுதான் இவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது. உச்சியில் கட்டிலோடு ஆட்கள் காத்திருந்தார்கள். இறக்கம்தானே, நடக்கிறேன் என்று கட்டிலை வேண்டாமென்றார். ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். இவள் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சீத்தாப் புதர் திரும்புகிற இடத்தில் தலைப்பாகை மறையப்போகும்போது கூப்பிட்டாள்.

“ஆகு நைனா!”

இஞ்சினை நான் அணைத்திருந்தேன். காற்றுகூட இல்லை. அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கமாகத் தூக்கி ஆட்டினார்.

“ஆங்… ஆங்…” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.