மலைத் தேயிலையும் கண்டிக் குழாய்த் தண்ணீரும்

1. ஆறில் ஐந்து

கண்டியில் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள், எனக்கு முன்னால் வைத்த ஆறு சாம்பிளில் ஐந்தை வேண்டாம் என்று ஒதுக்கினேன். லிக்கர், அதாவது ஊற்றி வடித்த சாயம், டல். வாயில் விட்டால் சப்பென்று இருந்தது. பாரூக் முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தேயிலை வாங்கி, கலந்து, பாக்கெட் போட்டு, கண்டிக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். அதுவரை கண்ணால் பார்த்தே வாங்கியவர், முதல் தடவையாக டேஸ்ட் பண்ண ஓர் ஆளை வைத்திருந்தார். அந்த ஆள் நான்.

"மாஸ்டர், வந்ததுலருந்து வேணாம் வேணாம்னுதான் சொல்றீங்க. பேக்கிங் புள்ளைங்க சும்மா குந்திட்டிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு கலவை வேணும். இல்லாட்டி கோவிச்சுக்காதீங்க, வேற ஆள்தான் பாக்கணும்."

எனக்கு வந்ததே கோபம்! வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்தவன் நான். தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் நாக்கைச் சந்தேகப்படத் தோட்ட மேனேஜரான பெரிய தொரைக்கே துணிச்சல் வந்ததில்லை.

ஆனால் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது. மகள் நிஷாந்தினி பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஏ.எல்.லில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றுதான் கண்டிக்கு வந்தோம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தோட்டத்தில் உத்தியோகத்தை விட்டால் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். சாவியை ஒப்படைத்தாயிற்று. இந்த வேலை போனால் திரும்பிப் போக வீடு கிடையாது, அவள் படிப்பும் நின்றுவிடும்.

2. யார் மேல் பழி

ஒதுக்கிய ஐந்தில் ஒன்று என் பழைய ஸ்டோரின் தேயிலை. அதைப் போட்டவன் செல்வம். ஒன்பது வருஷம் எனக்கு அசிஸ்டண்டாக இருந்தவன், இப்போது என் இடத்தில் இருக்கிறான். உடனே போன் எடுத்தேன்.

"ஏன்டா, கொழுந்து வாட முன்னாடியே ரோலர்ல போட்டியா?"

"இல்லண்ணே, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சேன்."

"நானாடா இந்தக் குப்பையச் சொல்லிக்குடுத்தேன்? உன்னை நம்பி ஸ்டோர விட்டுட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவன் வாயைத் திறக்குமுன் நானே போனை வைத்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். மல்லிகா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தள்ளி வைத்தேன். "டவுனுக்கு வந்ததும் கை மாறிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"அதே தூளு, அதே கை. உங்க நாக்குலதான் கோளாறு. ஆஸ்பத்திரிதான் பக்கத்துலயே இருக்கே, போய்க் காட்டிட்டு வாங்க" என்றாள்.

அவளுக்குக் கண்டி பிடித்துவிட்டது. எந்த நேரமும் பஸ், மார்க்கெட் நடக்கிற தூரம். "இங்க யாரும் என்னை டீமேக்கர் பொஞ்சாதின்னு கூப்பிடல, பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்று அதில் ஒரு சந்தோஷம். எனக்குத்தான் ஒன்றும் ஒத்துவரவில்லை. ஒரே புழுக்கம். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. தோட்டத்தில் ஒரு நாள் இருமினால் மறுநாள் நாலு பேர் வந்து கேட்பார்கள். இங்கே செத்தால்கூடக் கேட் பூட்டியிருந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று மல்லிகாவிடம் புலம்பினேன். "முதல்ல உசுரோட இருந்து வேலையப் பாருங்க" என்றாள்.

3. ஐந்து லிட்டர் கேன்

ஞாயிற்றுக்கிழமை சாம்பிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வட்டவளையில் இறங்கினேன். செல்வத்தை நேருக்கு நேர் வைத்து இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற எண்ணம். அவன் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. சாம்பிளை வாங்கி நிறுத்தான், மலை ஊற்றுப் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினான், நேரம் பார்த்து வடித்துக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

தாமிரக் காசு மாதிரி நிறம். வாயில் விட்டேன். பளிச்சென்று நின்றது. அதே பாக்கெட், அதே தூள்.

செல்வம் தண்ணீர்க் கேத்தலைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

இத்தனை வருஷம் டேஸ்ட் பண்ணியிருக்கிறேன், தண்ணீரைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் அது பாட்டுக்கு வந்தது, நான் பாட்டுக்கு ஊற்றினேன். கண்டிக்கு வருமுன் பள்ளிக்கூடம், வாடகை, பஸ் எல்லாவற்றையும் விசாரித்தவன், டேஸ்ட் பண்ணுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன், குழாயில் என்ன வருகிறது என்று கேட்கவில்லை! வெட்கமாக இருந்தது. ஆனாலும் செல்வத்திடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஐந்து லிட்டர் கேனில் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, "வர்றேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

4. முதலாளியின் கேள்வி

திங்கட்கிழமை காலை இரண்டு வரிசை கோப்பை வைத்தேன். ஒன்று பீலித் தண்ணீர், மற்றது குழாய்த் தண்ணீர். முதலாளி இரண்டையும் குடித்துப் பார்த்தார். "தேயிலையில குத்தமில்லீங்க, தண்ணியிலதான்" என்று பெருமையோடு சொன்னேன்.

"சரி மாஸ்டர். நம்ம பாக்கெட்ட வாங்குற கண்டிச் சனம் எந்தத் தண்ணியில ஊத்தும்?"

நான் கேனைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு வீடு கேன் தூக்கிட்டுப் போவீங்களா? இந்தத் தண்ணிக்கு எது நிக்கும்னு பாத்துக் குடுங்க."

நான் வேண்டாம் என்று சொல்லாத ஆறாவது சாம்பிள், கீழ்நாட்டுத் தேயிலை, நல்ல கடுப்பு, திடமான சாயம். மேட்டுத் தேயிலைக்காரர்களான எங்களுக்கு அது கொஞ்சம் இளக்காரம். குழாய்த் தண்ணீரில் அது ஒன்றுதான் தாக்குப்பிடித்தது. அதையும் செல்வத்தின் தேயிலையையும் மாற்றி மாற்றிக் கலந்தேன். பின்நேரம் ஒரு கலவை சரியாக அமைந்தது. "இது போதும், நாளையிலருந்து பேக் பண்ணுவோம்" என்றார் முதலாளி. நிஷாந்தினி கண்டியிலேயே படிக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் செல்வத்துக்குப் போன் பண்ணினேன். "தப்பு என் பேருலதான்டா, மன்னிச்சுக்க" என்றேன்.

"பரவால்லண்ணே. ஆனா நீங்க ஏசின மறுநாள் கொழுந்து நல்லா வாடி வந்துச்சு. கைக்குத் தெரியுது. இருந்தாலும் நீங்களே சொல்லிட்டீங்களேன்னு இன்னும் நாலு மணித்தியாலம் காயவுட்டேன். அந்த பேட்ச் முழுசும் கெட்டுப்போச்சு. தொரைகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள், "டவுனுக்குப் போகலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, புழுக்கமும் பூட்டிய கேட்டும் போகப்போகப் பழகிவிடும். ஆனால் போன புதிதில், விட்டுவந்த ஆட்களைப் பற்றிக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அவர்கள் இன்னும் நம் பேச்சை நம்பிக்கொண்டிருப்பார்கள்.